காதுத் துளை இல்லாத போன்

என் பழைய போனின் முதுகு ஒருநாள் பூரி மாதிரி உப்பிக்கொண்டது. காலையில் மேசைமேல் வைத்தபோது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. மத்தியானத்துக்குள் திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு விரிசல். போர்ட் பிளேரில், ஷாதிபூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் மொபைல் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பம்; அவருடைய அப்பா காலத்திலிருந்தே இங்கே வியாபாரம். போனை இரண்டு விரலால் வாங்கி, கடைக்கு வெளியே சிமெண்டுப் படியில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அக்கா, இத உள்ள வச்சிக்க மாட்டேன். பேட்டரி ஃபூல் கயா, ஊதிப்போச்சு. எப்ப என்ன ஆகும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்."

"பேட்டரிய மாத்திக் குடுங்க பாய்."

"எங்க மாத்துறது? பசை போட்டு ஒட்டிருக்கான். பிரிச்சா ஸ்கிரீன் போயிரும். சரி, பிரிச்சாச்சுன்னே வச்சிக்குவோம், பேட்டரிய மெயின்லேண்ட்ல இருந்து பிளைட்ல ஏத்த மாட்டான். கப்பல்ல வரணும். வந்தா வரும். புதுசு வாங்கிருங்க."

பேட்டரி ஒன்று கெட்டதற்காக நல்ல போன் முழுவதையும் தூக்கிப் போட வேண்டும் என்பது எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் போனில்தான் என் வேலை இருந்தது. இந்தித் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை நான் எழுதுகிறேன். என் அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள். வீட்டுக்குள் தோட்டத் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி என்றே வளர்ந்தேன். கடலடி கேபிள் வந்து இணையம் உருப்படியான பிறகு, சென்னையில் ஒரு சிறிய நிறுவனம் எனக்கு இந்த வேலையைக் கொடுத்தது. தொடரின் பகுதிகள் வெளியே கசிந்துவிடக் கூடாது என்று அவர்களுடைய ஆப்பில் மட்டும்தான் திறக்கும்படி வைத்திருக்கிறார்கள். அந்த ஆப் போனில் மட்டும்தான் ஓடும். ஒருவர் பேசத் தொடங்கும் கணத்தில் திரையைத் தட்ட வேண்டும், முடித்ததும் மறுபடி தட்ட வேண்டும், பிறகு வரியை அடிக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூரை தகரம். மழை பிடித்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. தொடரில் வரும் மாமியார்களோ சதித்திட்டம் எல்லாவற்றையும் கிசுகிசுப்பாகத்தான் போடுவார்கள். இயர்போன் இல்லாமல் என் வேலையில் ஒரு வரிகூட நகராது.

சென்னையில் இருக்கும் என் தம்பியிடம் புலம்பினேன். எந்தப் பொருளைப் பற்றிக் கேட்டாலும் அதைப் பற்றி நான்கு வீடியோ பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வான்.

"அக்கா, இனிமே ஒட்டுன போனே வாங்காத. கழட்டி மாட்டுற போன் ஒன்னு இருக்கு. பின்னாடி மூடிய நகத்தாலயே எடுக்கலாம். பேட்டரி, ஸ்கிரீன், சார்ஜ் போடுற வாய், கேமரா எல்லாம் தனித்தனியா விக்கிறான். ஒரு ஸ்குரு டிரைவர் இருந்தா நீயே மாத்திக்கலாம். பல வருஷத்துக்குக் கவலை இல்ல."

விலை உறைத்தது. இருந்தாலும் இத்தனை காலம் மாற்றி மாற்றி வாங்கிய போன்களை நினைத்து ஒத்துக்கொண்டேன். போன் சென்னையில் அவன் வீட்டுக்கு வந்தது. என் கணவர் சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே ஓடும் பயணிகள் கப்பலில், சமையலறையில் வேலை பார்க்கிறார். அடுத்த முறை கப்பல் வந்தபோது அவரே கொண்டுவந்தார்.

அன்று அந்தப் போனை நான் எத்தனை முறை திறந்து மூடினேன் என்று தெரியாது. மூடியை எடுத்தால் உள்ளே ஒவ்வொரு பாகத்தின் மேலும் அதன் பெயர் எழுதியிருந்தது. பேட்டரியை விரலால் நெம்பினால் கையோடு வந்தது. கணவரிடம் கழற்றிக் காட்டி, மாட்டிக் காட்டி, அவரை ஒருமுறை கழற்றச் சொல்லி, சின்னப் பிள்ளை மாதிரி விளையாடிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேலையை ஆரம்பிக்கலாம் என்று இயர்போனை எடுத்தேன். மேலே துளை இல்லை. கீழே சார்ஜ் போடுகிற வாய் மட்டும். பக்கவாட்டில் பொத்தான்கள். மூடியைக் கழற்றி உள்ளேகூடத் தேடிப் பார்த்தேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

தம்பியைக் கூப்பிட்டேன்.

"டேய், இயர்போன் எங்கடா சொருகுறது?"

"அதுவா… இப்ப யாரும் வைக்கிறதில்லக்கா."

"பேட்டரியக் கழட்டி மாட்ட இடம் வச்சிருக்கான், ஸ்கிரீனக் கழட்டி மாட்ட இடம் வச்சிருக்கான், ஒரு துளைக்கு இடமில்லையா?"

"வயர்லெஸ் போட்டுக்க. எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க."

எல்லாரும் மாறிவிட்டார்கள் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை சென்னையிலிருந்து வந்தபோது, எங்கள் கல்யாண நாளுக்கென்று வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன டப்பாவை நீட்டினார். உள்ளே இரண்டு வயர்லெஸ் இயர்போன்கள், பல் மாதிரி வழவழவென்று.

எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லக் கூடாது. துணி காயப்போடும்போது, மீன் கழுவும்போது, மாலையில் மின்னி பே கடலோரம் காலாற நடக்கும்போதெல்லாம் காதில் பாட்டு. சேலைத் தலைப்பில் சிக்கும் வயர் இல்லை, கதவுக் குமிழில் மாட்டி இழுக்கும் வயர் இல்லை. அதே உற்சாகத்தில் வேலையையும் அதில்தான் செய்தேன். ஒரு தொடரின் பல பகுதிகளை முடித்து அனுப்பினேன்.

சென்னையிலிருந்து எடிட்டர் அம்மா கூப்பிட்டார். நிதானமானவர், குரலை உயர்த்த மாட்டார். அதனாலேயே அவர் சொல்வது அதிகமாக உறைக்கும்.

"மேடம், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். ஏன் மேடம்?"

"உங்க வரி எல்லாமே லேட்டா விழுது. அவன் பேச ஆரம்பிச்சு, கொஞ்சம் கழிச்சுத்தான் வரி வருது. அவ அழுது முடிச்சப்புறம் 'அழாதே'ன்னு வருது. எல்லாத்தையும் திருப்பி அனுப்புறேன், சரி பண்ணிடுங்க."

நான் தட்டியது சரியான இடத்தில்தான். என் காது பொய் சொல்லாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. தம்பியைக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. வயர் இல்லாமல் வரும் ஒலி, காதுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதம் ஆகுமாம். சினிமா பார்க்கிற ஆப்புகள் படத்தையும் அதே அளவு தாமதித்துக் காட்டுவதால் நமக்குத் தெரியாதாம். எங்கள் நிறுவனத்தின் ஆப்புக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நான் வாயைப் பார்க்காமல் குரலைக் கேட்டுத் தட்டுகிறவள். ஆகவே ஒவ்வொரு தட்டும் பிந்திப்போயிருந்தது. அத்தனை பகுதிகளையும் முதலிலிருந்து, வரி வரியாக, முன்னால் இழுத்து வைத்தேன். கண் எரிந்தது. கோபம் யார்மேல் என்றே தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசியில் அது கணவர்மேல்தான் இறங்கியது.

"இதுல வேலை செய்ய ஏலாதுங்க. வேற ஏதாவது வழி பாக்கணும்."

"நான் வாங்கிக் குடுத்தது பிடிக்கலன்னு சொல்லு."

"பிடிக்கலன்னு எப்ப சொன்னேன்? லேட்டா கேக்குதுன்னு சொல்றேன்."

"கப்பல்ல எல்லாரும் இதத்தான் போட்டுக்கிட்டுத் திரியுறான். எவனுக்கும் லேட்டா கேக்கல. உனக்கு மட்டும் கேக்குது."

அவருக்கு விளக்கிச் சொல்ல நான் எடுத்த முயற்சிகள் எல்லாம் சண்டையில்தான் முடிந்தன. அவருடைய விடுமுறையில் வடக்கே லாங் ஐலண்ட் தீவில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போவதாக இருந்தது. சமாதானமாக இருக்கட்டும் என்று படகில் ஏறும்போதே அந்த இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டேன். அவர் பார்த்தார், முகம் தெளிந்தது. மேல்தளத்தில் கம்பியோரம் நின்றோம். காற்று பலமாக இருந்தது. லாங் ஐலண்ட் படகுத்துறை நெருங்கும்போது, கரையில் நாத்தனார் கையசைப்பது தெரிந்து, நானும் கையைத் தூக்கினேன். முந்தானை காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது. அதை இழுத்துவிட்டபோது இடது காது திடீரென்று காலியானது. கீழே பார்த்தேன். பச்சைத் தண்ணீர், படகு கிளப்பிய நுரை. அவ்வளவுதான்.

"என்ன ஆச்சு?"

"ஒன்னு விழுந்திருச்சுங்க."

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணும்னேதானே?"

கேட்டது மெதுவாகத்தான். ஆனால் அந்த மூன்று நாளும் நாத்தனார் வீட்டில் நண்டுக் குழம்பும் சிரிப்புமாக இருந்தபோதுகூட, அந்தக் கேள்வி என்னை விடவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று எப்படி நிரூபிப்பது? திரும்பி வந்ததும் ஒற்றை இயர்போன் கிடைக்குமா என்று தேடினேன். அந்த நிறுவனம் ஒற்றையாகவும் விற்கிறது. எங்கள் முகவரிக்கு அனுப்புவதில்லை. உள்ளே இருப்பது பேட்டரியாம், பிளைட்டில் ஏற்ற மாட்டார்களாம். தம்பி வீட்டுக்கு வரவழைக்கலாம், அல்லது முழு ஜோடியை இங்கேயே கடையில் வாங்கலாம். ஆனால் வேலைக்கு ஆகாத ஒன்றை இரண்டாவது முறை வாங்க எனக்கு மனமில்லை.

அவர் கப்பலுக்குப் போன பிறகு, மொபைல் கடைக்காரர் ஒரு வழி காட்டினார். சார்ஜ் போடும் வாயில் சொருகும் குட்டி இணைப்பு வயர்; அதன் மறுமுனையில் இயர்போன் துளை. சொருகியதும் பழைய வயர் இயர்போன் உயிர் பெற்றது. குரல் வந்த கணத்தில் தட்டினேன், வரி சரியான இடத்தில் உட்கார்ந்தது. எடிட்டர் அம்மா, "இப்ப பழைய மாதிரி இருக்கு மேடம்" என்றார். கொஞ்ச நாள் நிம்மதி.

ஆனால் காதுக்கும் சார்ஜுக்கும் ஒரே வாய். கேட்டுக்கொண்டிருந்தால் சார்ஜ் ஏறாது, சார்ஜ் ஏறினால் கேட்க முடியாது. இங்கே மின்சாரம் போகும் நேரம் யாருக்கும் தெரியாது என்பதால், கரண்ட் இருக்கும்போதெல்லாம் இணைப்பை உருவிவிட்டுச் சார்ஜரைச் சொருகுவேன். கொஞ்சம் ஏறியதும் அதை உருவிவிட்டு இதைச் சொருகுவேன். நாள் முழுவதும் இதுதான். எங்கள் காற்றில் உப்பு. தையல் ஊசியை மேசைமேல் விட்டால்கூடத் துருப்பிடிக்கும் ஊர். அந்த வாய் மெல்ல மெல்லத் தளர்ந்தது. சார்ஜரை ஒரு கோணத்தில் சாய்த்து, மேலே பருப்பு டப்பாவைப் பாரம் வைத்தால்தான் ஏறும் என்ற நிலை வந்தது. பிறகு எந்தக் கோணத்திலும் ஏறவில்லை. ஒருநாள், பாதி வசனத்தில், திரை கறுத்துப்போனது.

எனக்கு அப்போது பயம் வரவில்லை, ஒருவகையில் சந்தோஷம்தான் வந்தது. இதற்காகத்தானே இந்தப் போனை வாங்கினேன்! சார்ஜ் போடும் வாய் தனிப் பாகம். இரண்டு திருகாணி. ஆர்டர் செய்துவிடலாம். சிம்மை ஒரு பழைய பட்டன் போனுக்கு மாற்றி, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணின் போனை இரவல் வாங்கி, பாகங்கள் விற்கும் தளத்துக்குப் போனேன். பாகம் இருந்தது. எங்கள் ஊர் அஞ்சல் குறியீட்டை அடித்தேன். இந்த இடத்துக்கு அனுப்ப இயலாது என்று வந்தது.

வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் இந்தியில் பேசினாள். நானும் இந்தியில் சொன்னேன், போன் எது, பாகம் எது, ஊர் எது என்று.

"மேடம், நாங்கள் இந்தியாவுக்குள் மட்டும்தான் அனுப்புகிறோம்."

"அந்தமான் இந்தியாதான்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"மேடம், மெயின்லேண்ட் முகவரி ஏதாவது கொடுங்கள்."

"போன் இங்கே இருக்கிறது. நான் இங்கே இருக்கிறேன். இது பேட்டரிகூட இல்லை, ஒரு சின்னப் பலகை. தபாலில் போட்டால் வந்துவிடும்."

"உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் மேடம். அருகிலுள்ள சேவை மையத்துக்குப் போனைக் கொண்டுசெல்லலாம். அருகிலுள்ளது… சென்னை."

நடுவில் கடல் இருக்கிறது என்று சொன்னேன். அவள் மறுபடியும் வருந்தினாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன பயன் என்று தெரிந்தும் கோபப்பட்டேன். அழைப்பைத் துண்டித்தேன். பட்டன் போனைத் திருப்பிப் பார்த்தேன். அதன் தலையில், அழகாக, வட்டமாக, ஒரு இயர்போன் துளை இருந்தது. அதில் எங்கள் ஆப் ஓடாது.

பாகம் தம்பி வீட்டுக்குப் போனது. அங்கிருந்து கணவர் வாங்கிவர வேண்டும். அவரோ சென்னையில் இருந்தார். காற்றழுத்தத் தாழ்வு என்று கப்பல் கிளம்பாமல் நின்றது. எடிட்டர் அம்மாவிடம் நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அவர், "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஒளிபரப்புத் தேதி வந்துடுச்சு. வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன். அடுத்த தொடர் வந்தா சொல்றேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் தொடரின் மாமியாரை நான்தான் தமிழில் பேச வைத்திருந்தேன். அவள் வாயில் இனி யாரோ ஒருவருடைய வரிகள். அன்று சோறு இறங்கவில்லை.

கப்பல் கிளம்பிய பிறகு கடலில் அவருக்குச் சிக்னல் இல்லை. ஒரு காலை கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டியபடி நின்றார்.

"பத்திரமா இருக்கு. தண்ணி படக்கூடாதுன்னு உன் தம்பி சொன்னான். கப்பல்ல அரிசி டின்னுக்குள்ள வச்சிருந்து கொண்டாந்தேன்."

செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். வெள்ளைத் துணியை விரித்துப் போனைத் திறந்தோம். கூட வந்த படத்தாளை அவர் பிடித்துக்கொள்ள, நான் திருகாணியைக் கழற்றினேன். ஒன்று எகிறித் தரையில் விழுந்தது. இரண்டு பேரும் தவழ்ந்து தேடினோம். கட்டிலடியில், அலமாரியடியில். கடைசியில் அவர் முழங்காலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் பல வாரங்களுக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம்.

புதுப் பலகையை மாட்டி, மூடியை அழுத்தி, சார்ஜரைச் சொருகினேன். பச்சை மின்னல் குறி வந்தது. என்னால் நம்ப முடியவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு போனை நானே சரி செய்திருந்தேன். கொஞ்சம் ஏறட்டும் என்று காத்திருந்து, இணைப்பு வயரைச் சொருகி, இயர்போனை மாட்டி, ஒரு பாட்டைத் தட்டினேன். வலது காதில் மட்டும் கேட்டது. உருவிப் பார்த்தால், இணைப்பு வயரின் முனையில் பாசி நிறத்தில் துரு.

நான் அதைச் சுவரை நோக்கி எறிந்தேன். கணவர் எழுந்துபோய் எடுத்து, மேசையில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஒன்னு சொல்லு. அன்னிக்கு லேட்டா கேக்குதுன்னியே, அது எப்படி?"

ஒற்றையாக மிஞ்சியிருந்த வயர்லெஸை அவர் காதில் வைத்தேன். ஆப்பில் பயிற்சிக்கென்று ஒரு பகுதி எப்போதும் இருக்கும். அதை ஓடவிட்டு, கதாநாயகி கதவை அறையும் இடத்தைத் திரும்பத் திரும்பக் காட்டினேன். முதலில் புரியவில்லை. பிறகு புருவம் சுருங்கியது.

"அரே… கதவு மூடினப்புறம் சத்தம் வருது."

"அதத்தான் சொன்னேன்."

"நீ சொன்னப்ப எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு" என்றார். காதிலிருந்து அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

மறுநாள் இருவருமாக மொபைல் கடைக்குப் போனோம். புது இணைப்பு வயர் வாங்கலாம், அதுவும் சில மாதத்தில் பச்சை பிடிக்கும், அந்த வாயும் மறுபடி தளரும், மறுபடி பாகம், மறுபடி கப்பல். கடைக்காரர் கொஞ்சம் யோசித்து, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து யாரோ விற்றுப்போன ஒரு பழைய போனை எடுத்தார். மூலையில் கீறல், நான்கு பக்கமும் பசை போட்டு ஒட்டியது, நகமும் நுழையாது. கெட்டால் குப்பைதான். தலையில் இயர்போன் துளை இருந்தது.

"கெட்டா இத ரிப்பேர் பண்ணவே முடியாது அக்கா, இப்பவே சொல்லிட்டேன். பிறகு என்னைக் கேக்கப்படாது."

வாங்கிக்கொண்டேன். ஆப் ஓடியது. எடிட்டர் அம்மா அடுத்த தொடரைக் கொடுத்தார். அதில் மாமியார் இல்லை, இரண்டு சகோதரிகள், அவர்களும் கிசுகிசுப்பவர்கள்தான். முதல் பகுதி திரும்பி வரவில்லை. கழற்றி மாட்டுகிற போன் பேசுவதற்கும் படம் எடுப்பதற்கும் என்று ஆனது. கழற்றவே முடியாதது வேலைக்கு. இப்போது இரண்டு போன், இரண்டு சார்ஜர், ஒற்றையாய் மிஞ்சிய வயர்லெஸ் இயர்போன், ஒரு வயர் இயர்போன் என்று மேசை நிறைந்து கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கும்.

கணவர் அடுத்த பயணத்துக்குப் பெட்டியைக் கட்டும்போது, சென்னையிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டார்.

"ஒன்னும் வேணாங்க. சும்மா வாங்க."

கொஞ்சம் கழித்து, வாசல்வரை போனவரைக் கூப்பிட்டு, "இயர்போன் துளை வச்ச பழைய போன் எங்கயாவது கண்ணுல பட்டா, ஒன்னு வாங்கி வச்சிருங்க" என்றேன்.

"எத்தன?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் அவர் ஆட்டோவில் ஏறினார்.